பவுன்தாயிடம் போன சூடு

முள்ளேந்தலில் ஒரு காலையில் தீ சுடுவதை நிறுத்திக்கொண்டது. எரியத்தான் செய்தது, அதில் ஒரு குறையும் இல்லை; கருவேல விறகு வழக்கம்போலப் படபடவென்று வெடித்தது, புகை வழக்கம்போலக் கண்ணைக் கரித்தது, சாம்பல் வழக்கம்போல அடுப்பு வாயில் குவிந்தது, ஆனால் மயிலு ஏற்றிவைத்த உலைத் தண்ணீர் மட்டும், ஒரு கட்டு விறகு தீர்ந்த பிறகும், கண்மாயில் எப்படிக் கிடந்ததோ அப்படியே பானைக்குள்ளும் கிடந்தது. அவள் விறகைத் திட்டினாள், அடுப்பைத் திட்டினாள், பிறகு தம்பி சாத்தையாவைத் திட்டினாள், ஏனென்றால் விறகு அவன் வெட்டிப் போட்டது. அடுத்த வீட்டிலும் அதே பாடு, அதற்கடுத்த வீட்டிலும் அதே பாடு, சிலிண்டர் வாங்கிய பெருமையில் இருந்த வீடுகளிலும் நீலத் தீ நின்று ஆடியதே தவிரப் பால் பொங்கவில்லை. பீடி பற்றவைத்த ஆண்கள், புகை மார்கழிக் காற்று மாதிரி தொண்டையில் இறங்குகிறது என்று புகார் சொன்னார்கள், சொல்லிவிட்டு அடுத்ததைப் பற்றவைத்தார்கள்.

முள்ளேந்தல் தீயை நம்பிப் பிழைக்கும் ஊர். மழை கைவிட்ட வயல்களிலெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிக்கொள்ள, அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றிவிடுவதுதான் அங்கே தொழில். கட்டைகளைக் குன்றாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஈரமண்ணை அப்பி, உள்ளே தீயை விட்டு, அடியில் காற்றுக்கு ஒன்றிரண்டு துளைகளை மட்டும் திறந்துவைத்து, பொறுமையாகக் காத்திருப்பார்கள். தீயை அதன் இஷ்டத்துக்கு விட்டால் சாம்பல்தான் மிஞ்சும். மூச்சுத் திணறவைத்தால் கரி கிடைக்கும். அதனால் அந்த ஊரில் தீயை அணைப்பது என்றால் அடைப்பது என்றே அர்த்தம், தண்ணீர் ஊற்றுகிற பேச்சே கிடையாது, நனைந்த கரியை லாரிக்காரர் திரும்பியும் பார்க்கமாட்டார். வீட்டு அடுப்பைக்கூட அவர்கள் மண் போட்டுத்தான் மூடினார்கள்.

அன்றைக்குச் சாத்தையா மூட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். வெடிப்பு விழும் இடங்களில் மண் அப்பிக்கொண்டே இருப்பது அவன் வேலை, அந்த வேலையில் அவன் உள்ளங்கால்கள் பல வருஷங்களாக வெந்து தோலுரிந்து கிடந்தன. திடீரென்று காலுக்கடியில் ஈரத்தரைபோலக் குளிர்ந்தது. அவன் சற்று நேரம் நம்பாமல் நின்றான், பிறகு உட்கார்ந்தான், பிறகு மூட்டத்தின் மேலேயே கால் நீட்டிப் படுத்துவிட்டான். கரி மட்டும் கரியாகிக்கொண்டுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்து ஜெயசீலி டீச்சரிடம் போய்க் கேட்டார்கள். “சூடு தொலைஞ்சு போகாதுங்க,” என்றார் அவர். “மரம் வெயிலைக் குடிச்சுத்தான் வளருது. அந்த வெயிலுதான் விறகுக்குள்ள இருக்கு. எரிச்சா வெளிச்சமாவும் சூடாவும் வெளிய வந்தாகணும். வெளிச்சம் வந்துருச்சுல்ல? சூடு வேற எங்கயோ போயிருக்கு. தேடிப் பாருங்க.” ஊர் தேடியது. காணாமல் போன ஆட்டைத் தேடுவதுபோல, ஆளுக்கொரு திசையாகப் போய், கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்கள், கோயில் படியைத் தொட்டுப் பார்த்தார்கள், கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் திருடிப்போயிருப்பார்களோ என்று சந்தேகப்பட்டார்கள். தேடிக்கொண்டிருந்தபோதே சாத்தையாவின் வீட்டுக்குள்ளிருந்து அவன் பெண்டாட்டி பவுன்தாய் கத்தும் சத்தம் கேட்டது.

அவள் கைப்பிள்ளை யாழினிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளை வீறிட்டது, பிள்ளையின் கன்னம் சிவந்தது, பாய் கருகத் தொடங்கியது, அவளுக்கு மட்டும் ஒன்றும் நேரவில்லை. பிள்ளையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, ஓடிவந்த நாத்தனார் மயிலுவிடம், “பிள்ளையை எடுங்க மதினி, என்னயத் தொடாம எடுங்க,” என்று கெஞ்சினாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அவள் பிள்ளையைத் தொடவில்லை. கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

ஊருக்குள் எரியும் தீயின் சூடு எல்லாம் பவுன்தாயிடம் போகிறது என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏன் அவளிடம் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை, அவள் கேட்டதெல்லாம் எப்போது போகும் என்பதைத்தான். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து நாக்கடியில் காய்ச்சல்மானியை வைத்தாள், அது படாரென்று வெடித்தது, காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போனாள். பவுன்தாய் பிறந்த ஊருக்கு நடந்தே போய்ப் பார்த்தாள். அங்கே அவள் அம்மா வீட்டுக் கயிற்றுக் கட்டில் எரிந்ததுதான் மிச்சம், முள்ளேந்தலின் சூடு அவளைத் தேடி எவ்வளவு தூரமும் வரத் தயாராக இருந்தது. திரும்பி வந்தபோது, வாசலில் சாத்தையா அவளுக்காகத் துவைகல் ஒன்றைப் போட்டுவைத்திருந்தான். அதில்தான் உட்கார்ந்தாள், அதில்தான் படுத்தாள், நனைத்து நனைத்துச் சேலை கட்டினாள், கட்டிய சேலை அப்பளமாகக் காய்ந்ததும் மறுபடி நனைத்தாள்.

முதல் பானையைக் கொண்டுவந்தது யார் என்று இன்றுவரை ஊர் ஒத்துக்கொள்வதில்லை. யாரோ ஒருத்தி, பச்சைப்பிள்ளைக்காரி, பால் காய்ச்ச வழியில்லாமல், கூச்சத்தோடு ஒரு சின்னச் சட்டியை அவள் மடியில் வைத்திருக்கிறாள். பால் பொங்கியது. மறுநாள் வாசலில் வரிசை நின்றது. உலைப்பானைகள், இட்லிச் சட்டிகள், வெந்நீர்க் குண்டான்கள், பிறகு வரிசையில் சண்டை, சண்டைக்குப் பிறகு ஒரு முறை: காலையில் மேலத்தெரு, பிறகு கீழத்தெரு, கல்யாண வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டில் தீ மூட்டினால்தான் அவளிடம் சமைக்கப் போதுமான சூடு சேரும் என்பதால், பெண்கள் தங்கள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எரிகிற தீயை வீட்டில் விட்டுவிட்டு, பானையைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். அவள் ஒரு கையில் ஒன்று, மடியில் ஒன்று, பாதங்களின் மேல் ஒன்று என்று தாங்கிக்கொண்டு, குழம்பு கொதிக்கும்போது சொல்லிவிடுவாள், “ஏக்கா, பொங்குது பாரு.” நல்ல சமையல் அது. அவளிடம் வைத்த குழம்பு ஒருநாளும் அடிப்பிடிக்கவில்லை.

ஊருக்கு அது நல்ல காலம் என்று சொல்லத்தான் வேண்டும். மூட்டத்தில் நின்ற ஆண்களின் உள்ளங்கால் புண்கள் ஆறின, மல்லாந்து படுத்துக் காவல் காத்தார்கள், சித்திரை வெயிலில்கூட மூட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சீட்டு விளையாடினார்கள். அடுப்படியில் பெண்களுக்கு வியர்க்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டிப் போன கரி எப்போதும்போல நன்றாகவே சுட்டது, லாரிக்காரருக்குக் குறையொன்றும் இல்லை. சாமி கும்பிடும்போது அம்மனுக்கு ஒரு மாலை, பவுன்தாய்க்கு ஒரு மாலை என்று வாங்கினார்கள்; அவள் கழுத்தில் போட்ட மாலை போட்டவர் திரும்புவதற்குள் சருகாகிவிடும், இருந்தும் வருஷா வருஷம் போட்டார்கள். இந்த நல்ல காலத்தில் சாத்தையாவின் கால்களும் ஆறிவிட்டன, அதை அவன் அவளிடம் காட்டவேயில்லை. வீட்டுக்குள் வரும்போது வேண்டுமென்றே நொண்டுவான்.

பிள்ளையை மயிலு வளர்த்தாள். யாழினி தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள், எல்லாவற்றையும் பவுன்தாய் துவைகல்லில் இருந்தபடி பார்த்தாள். பிள்ளை ஓடிவரும்போதெல்லாம் அவள் எழுந்து பின்வாங்குவாள், பிள்ளை அதை விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே துரத்தும். கடைசியில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். முள் சீவிய நீளமான கருவேலங்குச்சி ஒன்று. ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்வாள், மறுமுனையைப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். மரம் சூட்டை எளிதில் அந்தப் பக்கம் விடாது. அப்படியே இருவரும் மாலையில் கண்மாய்க் கரையில் நடப்பார்கள், அவள் குச்சியை லேசாக ஆட்டினால் பிள்ளை பதிலுக்கு ஆட்டும், அவள் தன் முனையில் விரலால் தட்டினால் பிள்ளையும் தட்டும். அவள் பிடித்த முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகிக்கொண்டே வரும். அது பிள்ளையின் கையை நெருங்குவதற்குள் சாத்தையா புதுக்குச்சி வெட்டிக்கொண்டு வந்துவிடுவான். யாழினிக்கு அம்மா என்றால் குச்சியின் அந்தப் பக்கம் இருப்பவள், அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, தூங்கும்போதுகூடக் குச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

குறை தெரிந்தது பவுன்தாய்க்குத்தான். ஒருநாள் ஊர்க்கூட்டத்துக்கு நனைந்த சேலையோடு போய் நின்றாள், கூட்டம் தானாகவே விலகி அவளுக்கு இடம் விட்டது.

“எனக்கு ஒரு நாள் குடுங்க,” என்றாள். “ஊருல பொட்டுத் தீ இல்லாம, ஒரே ஒரு நாளு. எம்பிள்ளையை ஒரு தடவை தூக்கிட்டு இறக்கி விட்டுர்றேன். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்.”

ஊர்த் தலைவர் சேதுமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கேக்குறது நாயந்தான் ஆத்தா. ஆனா சாமி விளக்கு இருக்கு. மூட்டம் பாதி வேக்காட்டுல இருக்கு. ஊரு சோறு திங்க வேணாமா?”

“நான் இத்தனை நாளாப் பிள்ளையைத் தொடலையே மாமா,” என்றாள் பவுன்தாய். அவள் மடியில் உலை வைத்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மயிலு எழுந்து, “ஒரு நாளு பழைய சோறு தின்னா யாரும் செத்துப்போக மாட்டீக,” என்றாள். கூட்டம் சம்மதித்தது.

அந்த நாளுக்கு ஊர் தயாரான விதத்தைப் பார்த்தால் திருவிழா என்றுதான் நினைக்கத் தோன்றும். முந்தின நாளே சோறாக்கித் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள், அவலும் பழமும் வாங்கி வைத்தார்கள். தீப்பெட்டிகளை எல்லாம் வசூல் பண்ணிச் சாக்கில் போட்டுக் கட்டினார்கள், அந்தச் சாக்கின் மேலேயே சேதுமாணிக்கம் உட்கார்ந்துகொண்டார். பூசாரி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விளக்கைக் கவிழ்த்து மூடினார். அடுப்புகளுக்கு எல்லாம் மண் போட்டாயிற்று. மூட்டங்களைச் சாத்தையா தானே அடைத்தான், யாரையும் தொடவிடவில்லை. துளை துளையாகத் தேடித் தேடி ஈரமண்ணை அறைந்தான், எல்லாவற்றிலும் பெரிய மூட்டத்தில் தோள்வலி வரும்வரை மண் அப்பினான், புகை நின்றது.

“தண்ணி ஊத்திருக்கலாமேப்பா?” என்றார் அந்தப் பக்கம் வந்த ஜெயசீலி டீச்சர்.

“கரிக்கா டீச்சர்? தண்ணியா?” என்று சாத்தையா சிரித்தான். உடன் நின்றவர்களும் சிரித்தார்கள். “அடைச்சாச்சு. அடைச்சா அணைஞ்ச மாதிரிதான்.” டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் பவுன்தாய் துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். மயிலு தண்ணீரைக் கையில் எடுத்து அவள் தோளில் தெளித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் தண்ணீர் சுர்ரென்று போனது. பிறகு சத்தம் போடாமல் காய்ந்தது. வெயில் ஏறிய பிறகு, தண்ணீர் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வழிந்து சொட்டியது, மயிலு பயந்து பயந்து ஒரு விரலை வைத்தாள்.

“டீத்தண்ணி சூடுதான் இருக்கு பவுனு.” இன்னும் கொஞ்சம் கழித்து, “காய்ச்சக்காரி மாதிரி இருக்கு.” அப்புறம் முழுக்கையையும் வைத்து, அப்படியே எடுக்காமல் வைத்திருந்து, “இப்ப மனுசச் சூடுத்தா. வெறும் மனுசச் சூடு,” என்று சொல்லி அழுதாள்.

யாழினியைக் கூட்டிவந்தார்கள். பிள்ளை வழக்கப்படி குச்சியோடு வந்து ஒரு முனையை அம்மாவிடம் நீட்டியது. பவுன்தாய் அதை வாங்கித் தரையில் வைத்தாள். குச்சி இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளை முழித்தது; அவள் குனிந்து, இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து, தூக்கினாள். பிள்ளை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கைப்பிள்ளையின் கனத்தைத்தான் அவள் கைகள் ஞாபகம் வைத்திருந்தன. யாழினி அவள் மூக்கைத் தொட்டாள், காதை மடக்கிப் பார்த்தாள், வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைத் தடவினாள், பிறகு மெல்லக் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தழும்பு இருந்த கன்னத்தை அம்மாவின் கழுத்துக் குழியில் வைத்து அழுத்தினாள். அந்த இடம் தனக்கென்றே இருந்தது என்பது அந்த நொடியில் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

ஊரே வந்து பார்த்தது. பழைய சோற்றுச் சட்டியோடு வந்தவர்கள் தின்ன மறந்து நின்றார்கள், சேதுமாணிக்கம் தீப்பெட்டிச் சாக்கை விட்டுவிட்டு வந்தார், மூட்டத்துக் காவல்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சாத்தையாவும் வந்தான். வந்திருக்கக் கூடாது, அவனுக்கு அது தெரியும், தெரிந்தும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தான். வந்தவன் பெண்டாட்டி பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தான், பிள்ளை தூங்கிப்போவதைப் பார்த்தான், போக முடியவில்லை. முள்ளேந்தலில் மூட்டம் போடத் தொடங்கிய காலத்திலிருந்து, மூட்டங்கள் தனியாகக் கிடந்த நாள் அது ஒன்றுதான்.

உச்சி வெயில் ஈரமண்ணைக் காயவைத்தது. காய்ந்த மண் வெடித்தது, அப்பிவிட ஆளில்லை. பெரிய மூட்டத்தின் தலையில் முதலில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது, அது விரல் நுழையும் பிளவாயிற்று, உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த தீ காற்றைக் கண்டது.

பவுன்தாய்க்கு அது பாதத்தில் தெரிந்தது. எறும்பு ஊர்வதுபோலத்தான் முதலில் இருந்தது. “மதினி,” என்றாள் மெதுவாக, பிள்ளை விழித்துவிடக் கூடாது என்பதுபோல. “மதினி, பிள்ளையைப் பிடிங்க.” மயிலு பிடித்து இழுக்க, யாழினி விழித்துக்கொண்டு கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “மாட்டேன்! மாட்டேன்!” சூடு முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. பவுன்தாய் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், பிரித்த விரல் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது, கடைசியில் உதறித் தள்ளிவிட்டு ஓடினாள்.

பெற்ற பிள்ளையிடமிருந்து தப்பித்து ஒரு தாய் ஓடியதை முள்ளேந்தல் பார்த்தது. அவள் வறண்ட கண்மாய்க்குள் இறங்கி ஓடினாள், அவள் மிதித்த புல் கருகியது, பின்னாலேயே யாழினி கொப்புளம் கண்ட கைகளைத் தூக்கிக்கொண்டு, “அம்மா, தூக்கு! அம்மா, தூக்கு!” என்று ஓடினாள். சாத்தையா எதிர்த்திசையில், மூட்டத்தைப் பார்த்து, மண்வெட்டியோடு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது மூட்டம் முழுக்கப் பற்றி நின்று எரிந்தது. அவன் அந்தத் தீக்குள்ளேயே நின்று மண்ணை அள்ளிப் போட்டான், தீ அவனைச் சுடவில்லை, ஒரு மயிரைக்கூடக் கருக்கவில்லை. சுட்டிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் வாசலில் பானைகள் வரிசையாக இருந்தன. யாரும் கொடியவர்கள் இல்லை, பசிதான். எல்லோரும் பவுன்தாயிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசிவிட்டுத்தான் உலையை வைத்தார்கள். இன்னொரு நாள் வேண்டும், இந்தத் தடவை தண்ணீரே ஊற்றிவிடுகிறேன் என்று சாத்தையா சேதுமாணிக்கத்தின் காலில் விழுந்தான். அவர் அவனைத் தூக்கி நிறுத்தி, உண்மையான வருத்தத்தோடு, “ஒரு நாளு குடுத்தாச்சேப்பா,” என்றார். அன்று மாலை அவன் வீட்டுக்குள் வந்தபோது நொண்ட மறந்துவிட்டான். பவுன்தாய் அவனுடைய ஆறிப்போன கால்களைப் பார்த்தாள்.

பிள்ளையின் கைப்புண் ஆறியதும் அவன் ஒரு குச்சி வெட்டிக் கொடுத்தான், முன்பைவிட நீளமாக, முன்பைவிட வழவழப்பாகச் சீவி. பவுன்தாய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினாள். யாழினி குச்சியைப் பார்த்தாள். அதைத் தெரியாதவள்போலத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

“தூக்கு.”

“குச்சியப் பிடி தாயி. வா, கம்மாக்கரைக்குப் போவம்.”

“தூக்கும்மா.”

“அம்மாவால முடியாதுத்தா. குச்சியப் பிடி.”

“அன்னைக்குத் தூக்குனல்ல?”

நீட்டிய குச்சியைப் பவுன்தாய் இழுத்துக்கொள்ளவில்லை, தூக்கிய கைகளைப் பிள்ளை இறக்கவில்லை, மயிலு வந்து கூட்டிப்போகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். மறுநாளும் நீட்டினாள். அதற்கு மறுநாளும் நீட்டினாள். யாழினி நின்று பார்ப்பாள், கைகளைத் தூக்குவாள், பிறகு சில நாட்களில் தூக்குவதையும் விட்டுவிட்டாள், பிறகு அந்த வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டு அத்தை வீட்டுக் கொல்லையில் விளையாடப் பழகிக்கொண்டாள்.

பவுன்தாய் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். பிடிக்க ஆளில்லாத குச்சியில் கரி நிதானமாக ஏறி, பாதியைக் கடந்து, முன்பெல்லாம் சாத்தையா புதுக்குச்சி கொடுத்துவிடும் இடத்தையும் கடந்து, பிள்ளை பிடிக்கிற முனைவரைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் அதைக் கீழே வைத்தாள். சாத்தையா எடுத்து, கரிக்காரனின் கைப்பழக்கத்தில், நகத்தால் தட்டிப் பார்த்தான். கணீரென்றது. எங்கும் வெடிப்பில்லாமல், சாம்பல் கலக்காமல், நன்றாக வெந்த கரி. அவன் அதைச் சாக்கில் போட்டான், லாரி அதை ஏற்றிக்கொண்டு போயிற்று, எந்த ஊரிலோ ஏதோ ஒரு வீட்டில் அது எரிந்து யாருக்கோ நன்றாகச் சுட்டிருக்கும்.